கால் பார்க்கிற அம்மா

அந்த அம்மா முதல் நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் காலைப் பார்த்துத்தான் பேசினார். பண்ணைச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றவர் தலையைக் குனிந்துகொண்டு, "வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று என் கட்டைவிரலிடம் கேட்டார். எனக்கு யார் வந்து நின்றாலும் கூச்சம். அடுப்படியில் இருந்தால் புகையைச் சாக்குச் சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம். காலை எதைக்கொண்டு மூடுவது? ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை ஒளித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கள் பாதங்களைச் சற்று முன்னே வைக்க இயலுமா, அம்மா அவர்களே?" என்றார்.

ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் திடீரென்று சமையல்கட்டுக்குள் வந்து காலைக் காட்டு என்று கேட்டால் எப்படி இருக்கும். அப்படி இருந்தது. பயந்துபோய்க் காட்டிவிட்டேன். இரண்டு காலையும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு, "நன்றி. இல்லை," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். என்ன இல்லை என்று எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க என் காலில் என்ன குறை என்று நானே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொரீசியஸ்காரர் அவர். பெயரைச் சொன்னால் நம் பக்கத்து அம்மன் பெயர்தான். ஆனால் அவர்கள் ஊரில் அதை எழுதுகிற விதத்தில் எழுதினால் அந்த அம்மனுக்கே அடையாளம் தெரியாது. அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கப்பலில் போன பேச்சுத் தமிழ் போன இடத்தில் செத்துப்போக, புத்தகத் தமிழ் பின்னாலேயே போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று எங்கள் பண்ணைக்காரர் விளக்கம் சொன்னார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா கண்டக்டரிடம், "இப்பேருந்து சின்னாளப்பட்டியைச் சென்றடையுமா?" என்று கேட்டிருக்கிறார். "அடையும் தாயே, ஏறு," என்றாராம் அவர். ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டரின் செருப்பைக் கழற்றச் சொன்னதை மட்டும் அந்த அம்மா எங்களிடம் சொல்லவில்லை. அதே பஸ்ஸில் வந்த, பண்ணையில் களை எடுக்கிற பஞ்சவர்ணம்தான் சொன்னாள்.

எங்கள் பண்ணைக்காரரை எல்லாரும் சார் என்போம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மண்ணைத் தொட்டு வாழ வேண்டும் என்று சிறுமலை அடிவாரத்துப் பக்கம் நிலம் வாங்கி வந்தவர். மண்ணைத் தொடுவதற்கு ஆள் வைத்திருந்தார். பஞ்சவர்ணமும் அவளுடைய கூட்டமும் களை எடுக்கும். நான் சோறு ஆக்குவேன். சார் போனில் படம் பிடிப்பார். உரக்கடை மருந்து ஒரு சொட்டுக்கூட விடாத பண்ணை என்று கேள்விப்பட்டு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். காலையில் கொஞ்ச நேரம் வேலை செய்வார்கள். அதற்குச் சோறும் படுக்கையும். சம்பளம் கிடையாது. இப்படி ஒவ்வொரு பண்ணையாகப் போய்க்கொண்டே இருக்கிறவர்களும் உண்டு. நத்தத்தில் ஒரு பண்ணை, வேடசந்தூரில் ஒரு பண்ணை முடித்துவிட்டு எங்களிடம் வந்தவர் அந்த அம்மா.

"அவுக பாட்டன் பூட்டனெல்லாம் கூலிக்குன்னு கப்பலேறிப் போனாக," என்றாள் பஞ்சவர்ணம். "இது கூலி வேணாம்னு ப்ளேன் ஏறி வந்திருக்கு. அம்புட்டு தூரம் போய்ட்டு வந்தும் கையில களக்கொத்துதான்."

கால் கதை ஒருநாள் சோறு சாப்பிடுகிறபோது வெளியே வந்தது. நான் உள்ளே நின்றேன், அவர் படியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு வார்த்தையெல்லாம் அப்படித்தான் நடக்கும்.

"எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பாதத்தைத்தான் பார்ப்போம்," என்றார். ரப்பர் செருப்பை உதறிவிட்டுத் தன் காலை நீட்டினார். சுண்டு விரல் தரையில் இல்லை. பக்கத்து விரலின் முதுகில் ஏறி, இடுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. "என் அன்னைக்கு இருந்தது. அவர் அன்னைக்கு இருந்தது. இங்கிருந்து கப்பலில் சென்ற என் பூட்டிக்கு இருந்தது. இந்த விரல் உடைய பெண்ணுக்குத்தான் பூட்டியின் மூக்குத்தி." மூக்கைத் தொட்டுக் காட்டினார். சிவப்புக்கல் மூக்குத்தி.

ஊர்ப் பெயர் மறந்துபோயிற்றாம். அப்பன் ஆத்தாள் பெயர் மறந்துபோயிற்றாம். காலையில் வாசலில் நின்றால் திண்டுக்கல் மலை தெரியும் என்பது ஒன்று, இந்த விரல் ஒன்று, இந்த இரண்டுதான் கடல் தாண்டி மிச்சம். திண்டுக்கல் மலை தெரியாத ஊர் இந்தப் பக்கம் எது? அதனால் விரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பண்ணை பண்ணையாக அவர் ஏன் போனார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இயற்கை விவசாயத்தில் ஆசை கொஞ்சம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்குள் போய்க் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றுங்கள் என்று யாரிடம் கேட்க முடியும்? வயலில் என்றால் எல்லாரும் வெறுங்காலோடு நிற்பார்கள். நல்ல கணக்குத்தான். மொரீசியஸில் உட்கார்ந்து போட்ட கணக்கு. இங்கே வந்து பார்த்தால் பஞ்சவர்ணமும் அவள் கூட்டமும் முழங்கால் வரைக்கும் கருப்பு ரப்பர் பூட்ஸ் போட்டு வெங்காயப் பாத்தியில் நின்றிருந்தார்கள். நெருஞ்சி முள்ளும் கண்ணாடி விரியனும் உள்ள காடு. அழுது அடம்பிடித்து சாரிடம் வாங்கின பூட்ஸ் அது.

"மண்ணுக்கும் மனிதருக்கும் நடுவே ரப்பர் எதற்கு?" என்று சாரிடம் கேட்டார் அந்த அம்மா.

சாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. திரும்பச் சொல்லச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் பூட்ஸையெல்லாம் வாங்கி அறையில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பெண்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். அந்த அம்மா பாத்தி ஓரமாகவே நடந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மண்ணோட பேசுங்கம்மா," என்றார் சார், வரப்பில் செருப்போடு நின்று.

"பேசிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்," என்றாள் பஞ்சவர்ணம், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. "அது குத்திக் குத்தித்தான் பதில் சொல்லுது."

பூட்ஸ் எப்படித் திரும்பி வந்தது என்றால், ஒருநாள் காலையில் தொட்டி ஓரத்தில் விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்கப்புறம் அறையைத் திறந்து முதல் ஜோடியை மாட்டிக்கொண்டவர் சார்தான்.

பூட்ஸ் திரும்பியதும் அந்த அம்மா வேறு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் பாய்ச்சின மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் ஓரம் போய், ஈர மண்ணில் பதிந்திருக்கிற காலடியையெல்லாம் போனில் படம் எடுத்தார். அந்தப் பக்கம் எல்லாருக்கும் பொதுப் பாதை அது. எங்கள் ஊரில் ஒருத்தருடைய காலடியை இன்னொருத்தர் குனிந்து பார்த்தாலே பேச்சு வரும். காலடி மண்ணை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்று பயப்படுகிற ஊர். மண்ணை எடுத்தால் என்ன, படத்தை எடுத்தால் என்ன? ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் அன்றிலிருந்து இடுப்பில் கயிறு கட்டி, பின்னால் ஒரு வேலிக்கருவைக் கிளையை இழுத்துக்கொண்டே நடந்தார், தன் காலடி தனக்குப் பின்னாலேயே அழிய வேண்டும் என்று. அந்த அம்மாவுக்கு அதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷம். "ஆட்டோடு உழவையும் செய்கிறாரே, இது தொன்மையான முறையா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

தை மாதம் பழனிக்கு நடக்கிற கூட்டம் ரோட்டில் வர ஆரம்பித்தது. அத்தனை ஆயிரம் வெறுங்கால். அந்த அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நடந்து வருகிறவர்களுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பந்தலுக்குப் போய், தானும் தேய்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். சோறு கொண்டுபோன நான் தள்ளி நின்று பார்த்தேன். வரிசை நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்து நம் காலைத் தொடுகிறார்களே என்று ஆம்பளைகள்கூடக் கண் கலங்கினார்கள். ஒரு பெண் எழுந்து அவர் காலிலேயே விழுந்தாள். அவர் பாட்டுக்குச் சுண்டு விரலைப் பார்ப்பார், நாலு தேய் தேய்ப்பார், "அடுத்தவர்," என்பார். கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி வந்தவர்களை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

சாயந்திரம் முழங்கை வரைக்கும் எண்ணெயோடு வந்து படியில் உட்கார்ந்தார். "இருவருக்கு மட்டும் இருந்தது, அம்மா அவர்களே. ஒருவர் கேரளத்தவர். மற்றவர் விரல் மீது சரக்குந்து ஏறிவிட்டதாம்."

விரல் தேடித் தேய்த்ததையும் முருகன் புண்ணியத்தில்தான் சேர்த்திருப்பார்.

இவ்வளவு தேடியும் ஏன் கிடைக்கவில்லை என்று சாருக்கு ஆச்சரியம். சார் பட்டணத்து ஆள். எங்களில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சுண்டு விரல் மண்ணில் படாத பெண், கட்டினவனுக்கு ஆகமாட்டாள் என்பது எங்கள் பக்கம் காலங்காலமாகப் பார்க்கிறது. ஜாதகம் பொருந்தும், படிப்பு பொருந்தும், நிறம் பொருந்தும், கடைசியில் பெண்ணை நடக்கச் சொல்லிக் காலில் வந்து நிற்பார்கள். அதனால் அப்படி விரலோடு பெண் பிறந்தால், பிறந்த மாதத்திலிருந்தே துணிக்கிழிசலால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள். கட்டியும் அடங்காவிட்டால் மறைப்பார்கள். பையனுக்கு இருந்தால் யாரும் கவலைப்பட்டதில்லை. செருப்பு ஒரு பக்கமாகத் தேயும், அவ்வளவுதான். எந்த விரலை எங்கள் பெண்கள் ஆயுசுக்கும் ஒளித்து வைப்பார்களோ அந்த விரலை இந்த அம்மா வாய்க்கால் வாய்க்காலாகக் கூவிக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊரில் கேட்டாலும், "அப்பிடி எங்க ஊர்ல யாருமே இல்லத்தா," என்றுதான் பதில். அவர் அதை நம்பி அடுத்த ஊருக்குப் போவார். அவரிடம் விஷயத்தைச் சொல்லலாம்தான். சொன்னால் அடுத்த கேள்வி, எந்த வீட்டில் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதாக இருக்கும். யார் வாயைத் திறப்பார்கள்?

பண்ணை வேலிக்கு அடுத்த வீடு செல்வியின் வீடு. புருஷன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். ஒரே மகள் கார்த்திகா, திண்டுக்கல்லில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. அந்தப் பிள்ளைக்கு அந்த விரல். அப்பனிடமிருந்து வந்தது. "எனக்குத் தாலி கட்டுனப்ப எவ இவுக காலைப் பாத்தா," என்பாள் செல்வி. அந்த அம்மா பண்ணைக்கு வந்த நாளிலிருந்து கார்த்திகா வீட்டுக்குள்ளேயும் செருப்போடுதான் நடந்தாள்.

ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையனும் பிள்ளையும் போனில் பேசிப் பிடித்துப்போயிருந்தார்கள். பெரியவர்கள் வந்து பார்ப்பதுதான் பாக்கி. அந்தப் பெரியவர்களில் பையனுடைய அத்தை ஒருத்தி கால் பார்ப்பதில் கெட்டிக்காரி என்று செல்வி விசாரித்து வைத்திருந்தாள். அதற்குத் தகுந்த ஏற்பாடும் செய்திருந்தாள். கூடத்தை முந்தின நாளே கழுவிக் காயவிட்டு, ஈரக்கால் தடம் விழாமல் இருக்க ஜமுக்காளம் விரித்திருந்தாள். கார்த்திகாவின் சேலையைத் தரையில் புரளுகிற மாதிரிக் கட்டிவிட்டாள்.

"சின்னச் சின்ன எட்டா வை. சேலைய மிதிச்சாலும் பரவால்ல," என்றாள்.

"வெரலுக்குப் பதிலா என்னைய மூட்ட கட்டி வையேன்," என்றாள் கார்த்திகா.

நான் பஜ்ஜி போடப் போயிருந்தேன். அந்த அம்மாவை மட்டும் இந்தப் பக்கம் விடாதீங்க பெரியம்மா என்று செல்வி என்னிடம் சொல்லியிருந்தாள். வந்த ஆட்களுக்கு நாற்காலி போதவில்லை. பண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு ஆள் அனுப்பினார்கள். நாற்காலியை யாராவது தூக்குவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவால் சும்மா உட்கார முடியுமா? சம்பளம் இல்லாத வேலை என்றால் ஓடிவருகிறவர். இரண்டிரண்டாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவரை வெளியே போ என்று எப்படிச் சொல்வது? அவரும் நாற்காலியில் உட்காரவில்லை. வழக்கம்போலத் தரையில், கூடத்து மூலையில், எல்லார் காலும் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கார்த்திகா காப்பித் தட்டோடு வந்தாள். இரண்டு கையும் தட்டில். சேலைக் கரை ஒருதரம் ஜமுக்காளத்து முனையில் மாட்டி விலகியது.

"கிடைத்துவிட்டது," என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் பூட்டியின் விரல்."

பையனுடைய அத்தைக்குக் காது கூர்மை. "ஏனுங்க, வெரலுக்கு என்னங்க?" என்றாள்.

செல்வியின் புருஷன் தன் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"தட்டை அங்க வெச்சுப்போட்டு, இப்புடி ரெண்டு எட்டு நடந்து வா கண்ணு," என்றாள் அத்தை. "அந்த ஜமுக்காளத்தக் கொஞ்சம் சுருட்டுங்க."

"ஏன் நடக்க வேண்டும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"சுண்டு வெரலு மண்ணுல படோணுங்க. படலீன்னா கட்டுனவனுக்கு ஆகாது. அந்தப் பொண்ண நாங்க எடுக்கறதில்லீங்க. உங்கூர்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்களாட்ட இருக்குது."

பையன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கார்த்திகா தட்டை இறக்காமல் நின்றாள். அந்த அம்மா கார்த்திகாவைப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் சுவரைப் பிடித்து நின்ற செல்வியைப் பார்த்தார். அவர் ஒருத்தர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பிறகு எழுந்தார். "மன்னிக்கவும். நான் தவறாகக் கூறிவிட்டேன். இவர் விரல் வேறு. எங்கள் குடும்ப விரல் இவ்வாறு இருக்கும்," என்று பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஜமுக்காளத்து நடுவில் காலை எடுத்து வைத்தார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினார். திரும்பி நடந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் கார்த்திகா தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்து, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அத்தை நாற்காலியிலிருந்து குனிந்து பார்த்தாள். "அட ஆமாங்க. மண்ணுலயே படலீங்க. உங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்கறாருங்களா?"

"இறந்துவிட்டார்."

"எப்பங்க?"

"திருமணமாகிச் சில ஆண்டுகளில்."

"உங்கப்பாருங்க?"

"அவரும் இளமையிலேயே."

"அப்பறமென்னங்க," என்று அத்தை எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க." ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள்.

அத்தைக்கு அன்றைக்கு ஒரு கால் வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது. கார்த்திகாவை நடக்கச் சொன்னதை அதற்கப்புறம் அவளே மறந்துபோனாள்.

"இந்த வீட்டுக்கு நீங்க என்ன வேணுங்க?" என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"எனக்கும் இவர்களுக்கும் எந்த உறவும் இல்லை," என்றார் அந்த அம்மா, அதே செய்தி வாசிக்கிற குரலில். "நான் நாற்காலி கொண்டுவந்தவள்."

காலிக் காப்பி டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். என்னைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போனார். பஜ்ஜி கொடுத்தேன். வாங்கவில்லை.

சாயந்திரம் செல்வி பண்ணை வேலிப் படல் பக்கம் வந்து நின்றாள். பையன் வீட்டுக்காரர்களுக்குச் சம்மதமாம். பூ வைக்க நாள் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போகிறபோது அத்தை ஒன்று சொன்னாளாம், அந்த அம்மா மட்டும் நல்லது நடக்கிற இடத்தில் கண்ணில் படக்கூடாது என்று.

"நான் எப்பிடி அதுகிட்டச் சொல்லுவேன் பெரியம்மா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கு அத்தை ஒருத்தி இருந்தாளாம். வெரலப் பாத்துப் பாத்து மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருக்காக. கூடப் பொறந்தவங்க பேச்சுத் தாங்காம கூலிக்கு ஆள் புடிக்க வந்த கங்காணிக்காரன் பின்னாடி போய்ட்டாளாம். கப்பலேறுனாளா, கெணத்துல விழுந்தாளான்னு யாரும் தேடல. எங்க மாமியா ஒருக்கா வாய் தவறிச் சொன்னாக," என்றாள்.

"இது அவ வகையா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள் செல்வி கோபமாக. "ஊரு பூராம் வெரலு இருக்கு."

பேசிக்கொண்டிருக்கிறபோதே அந்த அம்மா வந்துவிட்டார். அவரே சொன்னார். "நான் நாளைக் காலை புறப்படுகிறேன். ஒட்டன்சத்திரம் அருகே ஒரு பண்ணையில் இடம் உள்ளது."

"அய்யய்யோ, ஒட்டன்சத்திரம் வேணாம்," என்றாள் செல்வி. "மாப்ள வீடே அங்கதான இருக்கு. வேற எங்கிட்டாவது போங்க."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "தேனி?" என்றார்.

"தேனின்னா சரி," என்றாள் செல்வி. ஒருத்தியை எந்தப் பக்கம் துரத்துவது என்று துரத்தப்படுகிறவளையும் கூட வைத்துக்கொண்டு முடிவு பண்ணினதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காலையில் பஸ் நிறுத்தத்துக்கு நான் கூடப் போனேன், மூட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு. சார் வரவில்லை, ஆனால் வழியனுப்புகிற படம் அவருக்கு வேண்டும் என்று முந்தின நாளே எடுத்து வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறபோது செல்வி வேகமாக வந்தாள். கையில் வயர் கூடை. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"ஏந்துங்க," என்றாள்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

"சேலை கட்டியிருந்தா மடியில போட்டுருவேன். இது என்ன காச்சட்டை, இதுல எங்க போட," என்று செல்வி எரிச்சல் பட்டாள். அந்த அம்மா கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். வியர்வை துடைக்கிற துண்டு. செல்வி அதில் பச்சரிசியை அள்ளி அள்ளிப் போட்டாள். தேங்காய் வைத்தாள், மஞ்சள் வைத்தாள், ஒரு சுங்குடிச் சேலையை மடித்தபடி வைத்தாள். மல்லிகைப் பூவை அந்த அம்மாவின் குட்டை முடியில் எங்கே சொருகுவது என்று தெரியாமல் காதோரம் மாட்டிவிட்டாள். குங்குமச் சிமிழைத் திறந்தவள் செத்த நேரம் நின்றாள். தாலி இழந்தவர் என்று முந்தின நாள்தான் அவள் வீட்டுக் கூடத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. பிறகு வெடுக்கென்று நெற்றியில் வைத்துவிட்டாள்.

"இது விருந்தினருக்குச் செய்யும் முறையா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பஸ் வருது, முடிச்சப் போடுங்க," என்றாள் செல்வி.

விருந்தாளிக்கு எங்கள் பக்கம் காப்பி கொடுப்போம். மடியில் அரிசி கட்டி அனுப்புவது பிறந்த வீட்டிலிருந்து போகிற பெண்ணை. அந்த அம்மாவின் புத்தகத்தில் அது இருந்ததா, தெரியவில்லை. முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, குனிந்து எங்கள் காலைப் பார்க்கவில்லை. செல்வியையே பார்த்துக்கொண்டு போனார்.

பஸ் திரும்பியதும் செல்வி, "அப்பாடா," என்றாள். "ஒரு வேலை முடிஞ்சது. அந்த ஜமுக்காளத்த வேற அலசிப் போடணும், அத்தைக்காரி சொல்லிட்டுப் போயிருக்கா."

நானும் அவளும் திரும்பி நடந்தோம். ரோட்டோரத்து நூல் மில் வாசல் தாண்டியதும் அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் போடச் சொன்னீகளா?"

"இல்லையே," என்றேன்.

"என்ன பெரியம்மா நீங்க," என்று என்னைத் திட்டினாள். "அம்புட்டு தூரம் ஒத்தையில போகுது, ஒரு பொம்பளப்புள்ள. இதக்கூடவா சொல்லிவிட மாட்டீக."